தோள் கொடுப்பார் யார்?

(தொழில் தொடங்க விழையும் இளைஞர்களிடையே திருச்சியில் ஆற்றிய உரை. வர இயலாத தோழர்களுக்காக இங்கே.)



உறையூருக்கும் திருவரங்கத்துக்கும் எத்தனை தொலைவு? காவிரிப் பாலம் தாண்டினால் கோபுரம் தெரியும். ஆனால் உறையூர்ப் பாணருக்கு அந்தத் தொலைவைக் கடக்க ஆண்டுகள் பல ஆயின என்கிறது பழங்கதை. குலத்தைக் காட்டி விலக்கினர்; தென்கரையில் நின்றே பாடினார். வழி விடவில்லையென்று கல்லெறிந்த உலோகசாரங்கரே, பின்னர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் சென்றாராம். கதையைக் கதையாகவே கொள்வோம். எனக்கு அதிலே அரங்கனைக் காட்டிலும் அந்தத் தோள்தான் பெரிதாகத் தெரிகிறது.

புற்றுநோயைப் பற்றிப் பேச அழைத்தால் புராணம் பேசுகிறானே என்று எண்ணாதீர்கள். மருத்துவம் வளர்ந்திருக்கிறது; மருத்துவமனையின் கதவு திறந்திருக்கிறது; அக்கரையில் நிற்பவர் இன்னும் நின்றுகொண்டேயிருக்கிறார்.

திருவரங்கத்தில் எங்கள் நாடகக் குழுவுக்கு உடை தைத்துக் கொடுத்த அம்மையார் ஒருவர் இருந்தார். மார்பிலே கட்டி கண்டது. வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு மாதங்கள் கழித்துச் சென்றபோது நோய் முற்றியிருந்தது. அறியாமை, என்றனர் படித்தவர்கள். பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வந்தவன் நான். அந்தச் சொல்லைப் பிறர் மீது வீச எனக்கு மனம் வருவதில்லை. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். உடன் வர ஆளில்லை. எந்தச் சீட்டை எந்தச் சாளரத்தில் நீட்டுவது என்று தெரியாது. ஆண் மருத்துவர் என்றால் கூச்சம் வேறு. அரசு தந்த காப்பீட்டு அட்டை அவர் பெட்டியிலே, மடிப்புக் கலையாத பட்டுப்புடவைக்கடியில், பத்திரமாக இருந்தது!

இது நம் ஊர்க் கொடுமை மட்டுமா? அமெரிக்காவில், வெள்ளையினப் பெண்களைவிடக் கருப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே வருகிறது. சாவோ ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு கூடுதல்! 1968இல் அண்ணாவுக்கு அறுவை மருத்துவம் நடந்த அதே நியூயார்க் மாநகரில்தான், கருப்பின மக்கள் வாழும் ஆர்லெம் பகுதியும் இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனைக்கு 1964 முதல் 1986 வரை மார்பகப் புற்றுநோயுடன் வந்த 606 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார் ஆரல்டு ஃபிரீமன் என்ற கருப்பின மருத்துவர். பாதிப் பேர் முற்றிய நிலையில் வந்தவர்கள். ஐந்தாண்டு உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 39 பேர். கட்டணத்தைக் குறைத்தும், இல்லாதார்க்கு இலவசமாகவும் சோதனை செய்தார். 1990இல், நோயாளியின் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் வழித்துணைவர்களையும் அமர்த்தினார். பின்னாளில் எடுத்த கணக்கிலே அந்த 39, 70 ஆயிற்று!

ஆர்லெம் இருக்கட்டும். அக்காலத்தில் திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலை இங்கே சுருட்டாகி, திருச்சிச் சுருட்டு என்று இலண்டன் வரை போயிற்று. அண்மையில் அதே திண்டுக்கல் மாவட்டம் வேறொன்றை உலகுக்குக் கொடுத்தது. பயிற்சி பெற்ற செவிலியர், காடிநீர் தடவிக் கண்ணால் பார்த்தே கருப்பைவாய்ப் புற்றின் முதல் அறிகுறியைக் கண்டனர். 2007இல் வெளியான முடிவு: சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அந்நோயால் நேரும் சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. மாளிகையும் மாபெரும் பொறியும் கேட்காத வேலை இது.

தொழில் முனைவு என்றதும் பங்குச் சந்தையை நினைக்கிறீர்கள். நான் நினைப்பது நம் பக்கத்துப் புதுக்கோட்டையில், தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923இல். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954இல், பன்னிரண்டே படுக்கைகளோடு. இடையிலே முப்பத்தோராண்டு! அந்த மருத்துவமனையில்தான் 1969இல் அண்ணா கண்மூடினார். பணம் எங்கே என்பீர்கள். மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்கு இலவசமாகச் செய்து வளர்ந்ததே, அந்தக் கணக்கைப் படியுங்கள். கடைத்தெரு முதலாளிகள் தம் பணிப்பெண்களின் சோதனைக்குக் கட்டணம் கட்டட்டும்; காந்தி சந்தையில் கூடை சுமக்கும் பெண்ணுக்கு அது கட்டணமின்றி ஆகட்டும்; உடன் செல்லும் வழித்துணைவிக்கு மாதச் சம்பளம் உண்டாகட்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். சோதித்துவிட்டு, "கட்டி இருக்கிறது, போய்ப் பார்" என்று கைகழுவுவது அச்சத்தை விற்கும் வாணிகம். நோயாளியை அனுப்பிவிட்டு மருத்துவமனையிடம் பங்கு கேட்பவன் தோள் கொடுப்பவனல்லன், தரகன். அப்படிப்பட்ட தொழிலுக்கு என்னை வாழ்த்த அழைக்காதீர்கள்.

திருவரங்கத்தில் பூத்தொடுக்கும் பெண்களுக்கு விடியலில் வேலை, முற்பகலில் விற்பனை. ஆகவே முகாமைப் பத்து மணிக்கு வைத்தால் நாற்காலிகள்தான் வரும். மாசியில் எங்கள் நாடகம், மாலை ஆறு மணிக்கு. அந்த அம்மையார் தைத்த அங்கியைத்தான் மன்னன் அணிகிறான். ஒப்பனை அறைக்கு அடுத்த அறையைத் திரையிட்டு ஒதுக்கியிருக்கிறேன். செவிலியர் இருவர் வருகின்றனர். மறுநாள் காலை, வேண்டியவர்களை ஆற்றுக்கு இக்கரை அழைத்து வர நான்கு பெண்கள் தேவை. கூலி உண்டு. பெயர் கொடுங்கள்.