பத்து டன் என்பது எவ்வெடை?



ரஹாங் தோட்டப்புறப் பாலமொன்றின் முன்னே, செவ்வளையத்துள் 10 டன் என்னும் பலகை நிற்பதாகக் கொள்வோம். செம்பனைக் குலையேற்றிய லாரி வருகிறது. அதன் கதவில் இரண்டு எண்கள் உள்ளன: 'பெராட் தன்பா முவாத்தான்' 6,000 கிலோ, 'பெராட் டெங்கான் முவாத்தான்' 16,000 கிலோ. முன்னது வெற்றெடை, பின்னது சுமையோடு அவ்வண்டிக்கு ஒப்பிய உச்ச எடை. இன்றைய சுமையோ 3 டன்னே. ஆகப் பாலம் தாங்கவேண்டியது 9 டன். லாரி போகலாமா?

1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைக்குறி உடன்படிக்கை இதனைத் தெளிவாகப் பிரிக்கிறது. வளையத்துள் டன் எண் மட்டும் இருப்பின் அது அப்போதைய மெய்யெடை; சரக்குந்தின் உருவத்தோடு இருப்பின் உச்ச எடை; சக்கர அச்சின் உருவத்தோடு இருப்பின் ஓர் அச்சின் சுமை. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் மின்னிலப்படமும் மேக்ஸ்வெயிட், மேக்ஸ்வெயிட்ரேட்டிங், மேக்ஸ்ஆக்சில்லோடு என மூன்று குறிச்சொற்களை வைத்திருக்கிறது.

மெய்யெடை வரம்பை உச்ச எடையாகப் பதிந்தால், வெறும் லாரியும் வீணே சுற்றுவழி போகும், எரிபொருளோடு போயிற்று. அச்சுச் சுமையாகப் பதிந்தாலோ, 16 டன்னை ஈரச்சுகளில் பகிர்ந்து கணக்கிட்டுப் பாலத்தின்மேல் ஏற்றிவிடும் கருவி.

எடை, பாரம், சுமை என மாற்றியெழுதுவது கட்டுரைக்கு அழகாயிருக்கலாம், இங்கே ஆகாது. மெய்யெடை, உச்ச எடை, அச்சுச் சுமை ஆகிய மூன்றையும் ஒன்றற்கொன்று மாற்றாது ஆளுமாறு வேண்டுகிறோம். களம் செல்லும் மாணவர் எண்ணை மட்டுமன்றி, பலகையின் உருவத்தையும் கீழுள்ள துணைப்பலகையின் மலாய்ச் சொற்களையும் உள்ளவாறே குறித்து வருக.