தொட்டி போனாலும் தண்ணீர் நிற்காது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "பாலம் கட்டுறதைப் பத்திப் பேசுப்பா" என்றார். பாலத்தைப் பற்றிப் பேச என்னைவிட மூத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். "வயித்தைப் பத்திப் பேசட்டுமாண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார். பிறகு, "பேசு, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார். ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இந்தப் பேச்சை நீங்கள் கேட்க வேண்டியிருப்பதற்கு அவர்தான் பொறுப்பு!

2019-ல் எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். உள்ளே கற்கள். நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும் வலி. வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு காலத்தில் இது இவ்வளவு சுலபமாக இல்லை. 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற மருத்துவர்தான் முதன்முதலில் பித்தப்பையை வெட்டி எடுத்தார். 1985-ல் அதே ஜெர்மனியில் எரிச் மூஹே என்பவர், தாமே வடிவமைத்த கருவியைக் கொண்டு, வயிற்றை அகலமாகக் கிழிக்காமல் எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் 1990-ல் மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா அந்த முறையைத் தொடங்கி வைத்தார். நான் தொட்டிலில் கிடந்த காலம் அது. இந்த ஆபரேஷனை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த நள்ளிரவு வலி அதன் பிறகு எனக்கு வந்ததே இல்லை.

வந்தது வேறு. காலையில் நாலு இட்லி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வயிறு கலக்கும். அதுவும் 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல முடியாத அவசரம். மஞ்சளாக, தண்ணீராகப் போகும். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஆறு முறை. எனக்கோ நெடுஞ்சாலைப் பணி. சைட்டுக்குப் போனால் பல கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை கிடையாது. சைட்டுக்குப் போகிற நாளெல்லாம் வெறும் வயிறுதான். உறவினர் கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டுப் பந்திக்குப் போகாமல் திரும்பி விடுவேன். போய்ப் பார்த்த இடங்களில் ஒருவர் "கேஸ் ட்ரபிள்" என்றார். இன்னொருவர் "எல்லாம் மனசு சார், டென்ஷனைக் குறைங்க" என்றார். இப்படி இரண்டு வருடம் ஓடியது.

அந்த நேரத்தில்தான் ஒரு பாலப் பணிக்கு முழுப் பொறுப்பும் எனக்குக் கிடைப்பதாக இருந்தது. பத்து வருட உழைப்புக்குக் கிடைத்த வாய்ப்பு. "வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுங்க, உடம்புதாங்க முக்கியம்" என்றாள் மனைவி. கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு மூத்த குடல் மருத்துவரைப் பார்க்கப் போனேன். முழுதாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, பித்தப்பையைத்தானே எடுத்தாங்க? பித்தநீரை எடுக்கலையே!"

நண்பர்களே, இதை நம் பாஷையில் சொல்கிறேன். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அது ஒரு மோட்டார் மாதிரி. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. பித்தப்பை வெறும் மேல்தொட்டி. கொள்ளளவு 30 முதல் 50 மில்லிதான். பித்தநீரைச் சுண்ட வைத்துச் சேமித்து, கொழுப்புள்ள சாப்பாடு வரும்போது திறந்து விடும். தொட்டியை எடுத்துவிட்டால் மோட்டார் நிற்காது. தண்ணீர் நேரடியாகக் குழாயில் ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கமாகச் சிறுகுடலின் கடைசிப் பகுதி, பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சித் திரும்பக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். பெரும்பாலோருக்கு இந்த ஏற்பாடு தொட்டி இல்லாமலே சரியாக நடக்கிறது. சிலருக்கு மட்டும் அளவுக்கு மீறிய பித்த அமிலம் பெருங்குடலுக்குள் போய்விடுகிறது. அங்கே அது தண்ணீரை இழுக்கும், குடலைத் தூண்டும். அதுதான் அந்த அவசரம். மனசும் இல்லை, மாயமும் இல்லை. காரணம் உள்ள கோளாறு!

அவர் எழுதிக் கொடுத்தது கொலஸ்டிரமின் என்ற பொடி. கொலஸ்டிராலைக் குறைக்கக் கொடுக்கும் பழைய மருந்துதான். குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு அதோடு வெளியேறிவிடும். ஒரு வாரத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. ஆனால் ஒன்று: மற்ற மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும். அதனால் மற்ற மாத்திரைகளை ஒரு மணி நேரம் முன்னாலோ, நாலு மணி நேரத்துக்கு மேல் கழித்தோதான் போட வேண்டும். டாக்டர் சொல்லாமல் யாரும் இதை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். எண்ணெயில் குளித்த பூரியும் வடையும் ஒரே வேளையில் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மூன்று பெரிய சாப்பாட்டை ஐந்து சின்னச் சாப்பாடாக ஆக்கிக்கொண்டேன். இசப்கோல், ஓட்ஸ், வாழைப்பழம் உதவுகின்றன. காலையில் வெறும் வயிற்றில் காப்பி கிடையாது. சில நாள் எல்லாம் சரியாக இருந்தும் வயிறு படுத்தும். அன்றைக்கு டிரைவரிடம், "அண்ணே, அடுத்த பங்க்ல நிறுத்துங்க" என்று கூச்சமில்லாமல் சொல்கிறேன். அவ்வளவுதான்.

எல்லா வயிற்றுக் கோளாறும் இதுவாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சலோடு வலி, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்து மலம் வெளுப்பது, இவை வந்தால் பித்தக் குழாயில் கல் அடைத்திருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலத்தில் ரத்தம், எடை குறைவது, தூக்கத்தைக் கலைக்கும் பேதி, இவையும் காத்திருக்கக் கூடாதவை.

மாணவச் செல்வங்களே, மெஷினில் சத்தம் வந்தால் "அது அப்படித்தான்" என்று விட்டுவிட நம் ஆசிரியர்கள் நமக்குக் கற்றுத் தரவில்லை. உடம்புக்கும் அதே விதிதான். எத்தனை முறை, எப்போது, எதைச் சாப்பிட்ட பிறகு என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. மூத்த அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களில் பலர் இன்று நிறுவனம் நடத்துகிறீர்கள். சைட்டில் முதல் லோடு ஜல்லி இறங்குவதற்கு முன்னால் ஒரு கழிப்பறையைக் கட்டி விடுங்கள். அது இல்லாத காரணத்தால் நல்ல வேலைக்காரன் ஒருவன், வாயைத் திறந்து காரணம் சொல்ல முடியாமல், வேலையை விட்டுப் போகக்கூடும்.

நான் எழுதி வைத்த கடிதம் கொடுக்கப்படவில்லை. அந்தப் பாலத்தில் இப்போது பஸ் ஓடுகிறது.