மரத்தை வெட்டாமல் வாழும் காடு

இன்னைக்கு ஒரு காட்டைப் பத்திப் பேசலாம். ஸ்பெயினோட தெற்குக் கோடியில, காதிஸ், மலாகா மாகாணங்கள்ல பரவியிருக்கிற லோஸ் அல்கோர்னொகாலெஸ் இயற்கைப் பூங்கா. பேரோட அர்த்தமே 'கார்க் ஓக் தோப்புகள்'தான். 1989-ல பாதுகாக்கப்பட்ட பகுதியா அறிவிச்சாங்க. பரப்பு சுமார் 1,70,000 ஹெக்டேர். ஒயின் பாட்டில் மூடியிலயும், கிரிக்கெட் பந்தோட நடுவுலயும் இருக்கிற கார்க், இந்த மாதிரி மரத்தோட பட்டைதான்.

நான் போனது ஜூலை மாசம், கோர்தெஸ் தெ லா ஃப்ரொன்தேரா என்கிற மலை ஊர்ப் பக்கம். பட்டை உரிக்கிறது கோடையில மட்டும்தான், அப்பதான் அது மரத்தை விட்டுச் சுலபமா கழண்டு வரும். ஒரு மரத்துக்கு ரெண்டு பேர், ஆளுக்கொரு கோடாலி. பட்டையில கீறல் போட்டு, கோடாலிக் காம்போட நுனியை உள்ளே விட்டு நெம்புறாங்க. பலகை மாதிரி அப்படியே கழண்டு வருது. உள்ளே மரம் செம்மண் நிறத்துல நிக்குது. வெட்டு கொஞ்சம் ஆழமா இறங்கினா உள்தோல்ல காயம். அங்கே பட்டை திரும்பச் சரியா வளராது. அந்த அளவு கைக்குத்தான் தெரியும். வண்டி ஏறாத சரிவுல இருந்து சுமையை இறக்குறது கோவேறு கழுதைகள்.

இப்போ கணக்கைப் பாருங்க. மரத்துக்குச் சுமார் 25 வயசானாதான் முதல் உரிப்பு. அடுத்தது குறைஞ்சது 9 வருஷம் கழிச்சு. பாட்டில் மூடிக்கான தரம் பொதுவா மூணாவது உரிப்புலதான் கிடைக்கும். அதாவது 40 வருஷத்துக்கும் மேல! ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் ஓட்டுற நமக்கு இது தலைசுத்துற விஷயம். நடுறவர் ஒருத்தர், பலன் எடுக்கிறவர் இன்னொருத்தர்.

காட்டைக் காப்பாத்தணும்னா மனுஷன் கையே படக்கூடாதுன்னு நாம நினைக்கிறோம். இங்கே கதை வேற. பட்டைக்கு விலை இருக்கிறதாலதான் மரத்தை வெட்டாம பார்த்துக்கிறாங்க. பிளாஸ்டிக் மூடியும் அலுமினியத் திருகு மூடியும் அந்த விலையில கை வைக்குது. வறட்சியும் வேரழுகல் நோயும் மரங்களையே சாய்க்குது. வருமானம் குறைஞ்சா, இளவட்டங்க எதுக்கு இந்தக் கோடாலியைப் பழகப் போறாங்க?

பூங்கான்னு அறிவிக்க ஒரு அரசாணை போதும். ஆனா அந்தக் கோடாலியோட அளவு, ஒருத்தர் பக்கத்துல நின்னு இன்னொருத்தர் பார்த்துக் கத்துக்கிறது. அந்தச் சங்கிலி அறுந்தா, மரம் இருந்தும் காட்டோட பாதி போயிரும்.

உங்க ஊர்ல இப்படி ஒரு கைத்தொழிலால பிழைச்சு நிக்கிற காடோ ஏரியோ இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.