கேட்பதும் செய்வதும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பொதுப்பணி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பொதுவாழ்வு முழுவதிலும் ஒரே முறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அரசிடம் எதைக் கேட்டாரோ, அதில் தம் கைக்கு எட்டும் பகுதியை அரசின் பதிலுக்குக் காத்திராமல் தாமே தொடங்கிவிடுவார். தொடங்கிவிட்டோமே என்று அரசைக் கேட்பதையும் நிறுத்தமாட்டார். பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று வாதாடிய அதே காலத்தில், அந்த வழக்கம் இருந்த குடும்பங்களின் பெண்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அரசிடம் கேட்டுக் கிடைக்காதபோது, ஊர் ஊராக நிதி திரட்டி அதைக் கட்டினார். பொறுப்பேற்றல் என்ற பெயரில் இன்று நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகக் குறுகிவிடுகிறது. எல்லாம் அரசின் கடமை என்று ஒரு சாரார் ஒதுங்குகிறார்கள். அரசை நம்பிப் பயனில்லை, அவரவர் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று இன்னொரு சாரார் முடிவுகட்டுகிறார்கள். இரண்டையும் பிரிக்காமல் ஓர் ஆயுள் முழுக்க நடத்திக்காட்டியவர் என்ற முறையில் அவர் வாழ்வு விரிவாகப் படிக்கத் தக்கது.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886 ஜூலை 30 அன்று அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதை ஊர் எளிதில் ஏற்கவில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதித்த பிறகே இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சரிசமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது திருமணத்துக்கு அவர் வைத்த நிபந்தனை.

அன்று கவுன்சில் என்று வழங்கிய சென்னை மாகாணச் சட்டசபைக்கு, இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் 1926இல் நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே சபையின் துணைத் தலைவரானார். அங்கே அவர் எடுத்த விஷயங்கள் பல. அவற்றுள் தேவதாசி முறை பற்றியது மட்டும் இங்கே விரிவாகச் சொல்லத் தக்கது. ஒரு கொடுமை எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று அவர் தேடிப் பார்த்த விதம் அதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

இளம் பெண்ணை விபசாரத்துக்குக் கொடுப்பதும் வாங்குவதும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளின்படி அப்போதே குற்றமாக இருந்தது. ஆயினும் சன்னிதியில் சடங்காக நடந்த பொட்டுக் கட்டுதலை அந்தப் பிரிவுகளால் நிறுத்த முடியவில்லை. காரணம் நிலத்தில் இருந்தது. கோயில் ஊழியம் செய்வோருக்கு மானியமாக நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியம் செய்கிறவரை நிலம் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும். ஊழியத்துக்கு ஆள் இல்லாமல் போனால் நிலமும் போகும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது பொட்டுக் கட்டிக்கொண்டாக வேண்டும். மகளைக் காப்பாற்ற நினைக்கும் தாய் அதே மகளின் சோற்றை இழக்க நேரிடும். இந்தக் கட்டு இருக்கும்வரை, வழக்கம் தவறு என்று உபதேசம் செய்தும் பயனில்லை, சிறைத் தண்டனை விதித்தும் பயனில்லை.

1929இல் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து அது பிரித்தது. கோயிலில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே உரியது என்று ஆக்கியது. தடை பிறகு வரட்டும், முதலில் பிழைப்பு உறுதியாகட்டும் என்ற வரிசை அதில் இருக்கிறது. அவருடைய சட்டப் பணிகளில் மிகக் கூர்மையானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பலர் நினைவில் நிற்பது அதன்பின் வந்த தடைச் சட்டமே.

அந்தத் தடைக்கான மசோதா 1930இல் வந்தது. அதே ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தி கைதானபோது முத்துலட்சுமி சபை உறுப்பினர் பதவியைத் துறந்தார். மசோதா தேங்கியது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில், 1947இல்தான் அது சட்டமானது.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் மரபின் பெயரால் எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிக் குலத்துக் கலைஞர்கள், எல்லாரையும் ஒரே பழிச்சொல்லுக்குள் அடைக்கிறார்கள், எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னவாகும் என்று கேட்டார்கள். மறுபுறம், அதே குலத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்புக்காக ஊர் ஊராகப் பேசினார். 1936இல் அதையே பொருளாக வைத்து நாவலும் எழுதினார். கலைஞர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. அவர்கள் ஆடிவந்த சதிர் நடனம் பரதநாட்டியம் என்ற பெயரில் புதிய மேடைகளுக்கு ஏறியபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களில் பலருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்களுக்காகப் பேசிய அளவுக்கு அவர்களோடு சேர்ந்து முத்துலட்சுமி பேசவில்லை என்ற குறை சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அடுத்தவர் வாழ்வில் மாற்றம் கொண்டுவரப் பொறுப்பேற்பவர், அந்த மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதற்கும் பொறுப்பாகிறார்.

அந்தப் பொறுப்பின் ஒரு பகுதியை அவர் ஏற்றார் என்பதற்குச் சான்று அவ்வை இல்லம். பொட்டுக் கட்டும் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த இளம் பெண்கள் 1930இல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சென்னையில் இருந்த மாணவியர் விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. வழக்கத்தை விட்டு வெளியே வா என்று சபையில் சொல்லியாயிற்று. வந்தவர்களுக்குப் படுக்க இடமில்லை. முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வை இல்லம் பிறந்தது இப்படித்தான். திட்ட அறிக்கையோ கட்டட நிதியோ முதலில் வரவில்லை. வந்த பெண்களுக்கு அன்றிரவு சாப்பாடும் பாயும் வேண்டியிருந்தன. இல்லம் பின்னர் அடையாறுக்கு மாறியது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் குல வேறுபாடின்றிச் சேர்ந்தார்கள். ஆசிரியை, செவிலியர் என்று மாதச் சம்பளம் தரும் வேலைகளுக்குப் படிக்கவைப்பதில் இல்லம் கருத்தாக இருந்தது. மானிய நிலத்தில் கண்ட பாடம்தான் இங்கும்: சொந்தக் காலில் நிற்க வருமானம் இல்லாமல் விடுதலை நிலைக்காது.

புற்றுநோய் மருத்துவமனைக்கான முயற்சியின் வேர் வீட்டிலேயே இருந்தது. முத்துலட்சுமியின் தங்கை இளம் வயதில் புற்றுநோயால் இறந்தார். உடன்பிறந்தவளை, மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. 1925இல் மேற்பயிற்சிக்காக லண்டன் சென்றபோது புற்றுநோய்க்கென்றே நடந்த மருத்துவமனையை அங்கே பார்த்தார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், சென்னையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டார். புற்றுநோய் என்றால் சாவு என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. பிழைக்க வழியில்லாத நோயாளிக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் அரசு வட்டாரத்திலும் இருந்தது. கோரிக்கை நகரவில்லை.

1949இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 60ஐக் கடந்திருந்தது. வீடு வீடாகவும் சங்கம் சங்கமாகவும் பணம் திரட்டினார்கள். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பை ஏற்றார். 1955 ஏப்ரலில் டாக்டர் சாந்தா சேர்ந்தார். அரசுத் தேர்வாணையத்தின் மூலம் மகளிர் மருத்துவமனை வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு வந்தார். முதல் சில ஆண்டுகள் சம்பளமில்லை. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் தந்தார்கள். கடைசிவரை அங்கேயே இருந்தார்.

12 படுக்கைகளால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை மருத்துவ முறையில் இருந்தது. அன்று தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்பட்டவை கருப்பைவாய்ப் புற்றும் வாய்ப் புற்றும். இரண்டும் முற்றுவதற்குள் கண்டுபிடித்தால் கதிர்வீச்சுக்குப் பணிபவை. பழைய எக்ஸ்ரே கருவிகளின் கதிர் உடலுக்குள் ஆழமாகப் போகாமல் தோலைப் புண்ணாக்கிவிடும். கோபால்ட்-60 கருவியின் கதிர் தோலுக்கு அவ்வளவு கேடு செய்யாமல் உள்ளே உள்ள கட்டியை எட்டும். 1957இல் அந்தக் கருவி கனடாவிலிருந்து அடையாறுக்கு வந்தது. ஆசியாவில் அதுவே முதலாவது என்று மருத்துவமனையின் வரலாறு குறிக்கிறது. பணமில்லாதவருக்கும் அதே கருவி, அதே மருத்துவர் என்ற ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்தது. பிழைத்து வீடு திரும்பியவர்கள் ஊரில் நடமாடத் தொடங்கிய பிறகுதான் அந்த நோயைப் பற்றிய பயம் மெல்லக் குறைந்தது.

முத்துலட்சுமி 1968 ஜூலை 22 அன்று மறைந்தார். தனி ஒருவர் தொடங்கியது அவரோடு முடிந்துபோவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. அடையாறில் அப்படி நடக்கவில்லை. ஒருவர் ஏற்ற பொறுப்பு நிலைக்க வேண்டுமானால், அது இன்னொருவருக்கு அன்றாட வேலையாக மாற வேண்டும். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதை அப்படி மாற்றினார்கள். 1975இல் மத்திய அரசு அந்த மருத்துவமனையை மண்டலப் புற்றுநோய் மையமாக ஏற்றது. 1984இல் முத்துலட்சுமியின் பெயரிலேயே புற்றுநோயியல் கல்லூரி வந்தது. சிகிச்சை தரும் மருத்துவமனை, சிகிச்சை தருவோரை உருவாக்கும் இடமாகவும் ஆயிற்று. சாந்தா 2005இல் மகசேசே விருது பெற்றார். 2021 ஜனவரியில் மறைந்தார்.

விருதுகளைவிட அதிகம் பேசப்பட வேண்டியது அந்த மருத்துவமனை தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேடு. நோயாளி தானாகத் தேடி வரும்வரை காத்திருந்தால், எத்தனை பேருக்கு நோய், எந்த வயதில், எந்தப் பகுதியில் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அரசிடம் நிதி கேட்கவும் முடியாது. 1981இல் சென்னை மாநகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு அடையாறில் தொடங்கியது. மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் ஆட்கள் நேரில் போய் ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் குறித்து வந்தார்கள். இறப்புப் பதிவுகளோடு அவற்றை ஒப்பிட்டார்கள். எந்தப் புற்று கூடுகிறது, எது குறைகிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு தெரியத் தொடங்கியது. கருப்பைவாய்ப் புற்று சென்னையில் குறைந்துவருவதும் மார்பகப் புற்று அதை முந்தியதும் அந்தக் கணக்கிலிருந்து வெளிவந்தவை. 2012இல், மாநில அரசோடு சேர்ந்து, தமிழ்நாடு முழுவதற்குமான பதிவேடாக அது விரிந்தது.