சீதோஷ்ண மாறுதலும் நம் ஏரிக் கால்வாயும்

(செஞ்சியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பூமியின் வெப்பம் பெருகி வருகின்றதென்று பத்திரிகைகள் நாடோறும் எழுதுகின்றன. ‘இது பெருந்தேசத்தார் கவனிக்க வேண்டிய காரியம், செஞ்சியிலிருக்கும் நாம் என் செய்வது?’ என்று நம்மிற் பலர் வாளாவிருக்கின்றோம். அவ்வெண்ணம் பாதி நியாயமே. நிலக்கரியையும் எண்ணெயையும் மிகுதியாக எரித்தோரே முதலிற் குறைத்தல் வேண்டும். ஆயினும் கேடு நம் வாயிலில் வந்து நிற்கின்றதே!

எரிப்பதனால் எழும் கரியமில வாயு, போர்வைபோல் நின்று வெப்பத்தைத் தடுக்கின்றது. 2024-ஆம் ஆண்டில் உலகத்தின் சராசரி வெப்பம், யந்திரத் தொழில் பெருகுமுன் இருந்ததைவிடச் சுமார் 1.5 டிகிரி மிகுந்திருந்தது. ஒரு டிகிரி சூடேறிய காற்று நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமாக நீராவியைத் தாங்குமாதலால், மழை பெய்யுங்கால் ஒரேயடியாகக் கொட்டுகின்றது. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் தேதி கரை கடந்த பெஞ்சல் புயலில், நமக்குத் தென்கிழக்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்ததை எவர் மறப்பார்?

நம் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. யான் அங்கு வியப்பது மதில்களையன்று; செட்டிக்குளத்திலும் சக்கரக்குளத்திலும் நீரைத் தேக்கியும், சுட்ட மண் குழாய்களின் வழியே கல்யாண மகாலுக்கு நீர் கொண்டுசென்றும் வைத்த ஏற்பாட்டையே. மொகலாயர் முற்றுகை 1690 முதல் 1698 வரை நீடித்தது. நீரில்லையேல் உள்ளிருந்தோர் எட்டு மாதமேனும் தாங்கியிருப்பரோ?

நம் ஏரிகள் நிரம்பாமைக்கு வானம் மட்டும் காரணமன்று. வரத்துக் கால்வாய்களை நாமே விழுங்கிவிட்டோம். பிறரைச் சொல்வானேன்? என் தகப்பனார் காலத்தில் எங்கள் நிலத்து வரப்பு கால்வாய்க்குள் மூன்று முழம் நகர்ந்தது. அவ்விடத்தில் மணிலா நன்றாய் விளைந்தது. பெஞ்சல் மழையில் வழி காணாத வெள்ளம் கீழ்ப்புறத்துக் குடிசைகளிற் புகுந்தது. அங்கு வசிப்போர் நம் வகுப்பினரல்லர். எங்களை ஒரு வார்த்தை கேட்கவும் அவர்கள் துணியவில்லை. கேளாததே எனக்கு முள்ளாயிற்று. சென்ற வைகாசியில் வரப்பை வெட்டிப் பழைய எல்லைக்கே பின்வாங்கினேன். வீட்டில் சிறிது மனஸ்தாபம் உண்டாயிற்று, அது போகட்டும்.

முன்னாளிற் குடிமராமத்து இருந்ததென்று பெருமை பேசுகின்றோம். அதில் மண் சுமந்தவரும் பயன் பெற்றவரும் எப்பொழுதும் ஒருவராய் இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இனிச் செய்யும் வேலை அவ்வாறாதல் கூடாது.

வெப்பத்தைக் குறைப்பதற்கும் நம்மாலாவது உண்டு. வீட்டுக் கூரையிற் சூரிய மின்தகடு வைப்போருக்கு 2024-இல் ஏற்பட்ட மத்திய அரசின் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கின்றது. கலியாணங்களில் ஆயிரம் பிளாஸ்டிக் புட்டிகளைக் கொட்டுவதை விட்டுப் பானைத் தண்ணீர் வைத்தால் ஒருவர் கௌரவமும் குறையாது. எனினும் முற்பட வேண்டியது கால்வாயே. அடுத்த ஐப்பசி நமக்காகக் காத்திராது.

ஆகையால், தோரணவாயில் கட்டச் சேர்த்த நிதியிற் பாதியைக் கால்வாய் தூர்வாரச் செலவிடலாமென்றும், நம் அங்கத்தினரின் ஆக்கிரமிப்புகளை முதலில் அளந்து நீக்கலாமென்றும், நீர்வளத் துறையினிடத்திலும் ஊராட்சி ஒன்றியத்தினிடத்திலும் வேண்டிய அனுமதி பெற்று, கீழ்ப்புறத்தாரையும் சமமாகக் கமிட்டியில் அமர்த்தலாமென்றும் பிரேரேபிக்கின்றேன். ஆமோதிப்போர் கைதூக்கும்படி அக்கிராசனர் அவர்கள் கேட்டருள வேண்டும்.