மனைவிளக்கைப் பேணும் முறை



கார்த்திகைத் திங்கள் நெருங்குகின்றது. விளக்கேற்றுவதன் பயனைப் பெரியோர் பலர் பலவாறு எடுத்துரைத்துள்ளனர். ஏற்றிய பின் அதனைக் காக்கும் முறையைப் பேசுவார் அரியர். அடியேன் இன்று அதனையே பேச எடுத்துக்கொண்டேன்.

சோழர் காலத்தில் திருக்கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிவதற்கு 96 ஆடுகளை விடுவது வழக்கம். கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவன். திருவிளக்குப் பணிக்கென்று கோயிலில் ஆட்களும் இருந்தனர். நம் இல்லத்தில் அத்தகைய ஏற்பாடு ஏது? விளக்கு அணையக் கூடாதென்று எண்ணெயை நிரம்ப வார்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியூர் செல்வார் சிலர். இது பக்தி ஆகாது. ஆளில்லாத வீட்டில் சுடர் இருத்தலாகாது. அனைவரும் உறங்கும் வீட்டிலும் அவ்வாறே.

திருமறைக்காட்டில் நெய்யுண்ண வந்த எலி, சுடர் மூக்கைச் சுடத் திரியைத் தூண்டிவிட்டு, மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தி ஆயிற்று என்பது புராணச் செய்தி. நம் வீட்டு எலி அத்தனை புண்ணியம் செய்ததன்று. எண்ணெயில் தோய்ந்த திரியை எரியும்போதே கவ்விக்கொண்டு பரணுக்கு ஓடும். எங்கள் தெருவில் ஓர் ஓட்டு வீட்டின் பரண் இவ்வாறே எரிந்தது. இரண்டு பெட்டி நிறைய இருந்த பழைய நூல்களும் உடன் சாம்பலாயின. அந்நூல்களை எண்ணினால் இன்றும் நெஞ்சு வேகின்றது. விளக்கு குளிர்ந்ததும் எஞ்சிய திரியை மூடியுள்ள சிமிழில் இட்டுவிடுங்கள்; எண்ணெய் வாடைக்கு எலி வாராது.

குத்துவிளக்கைத் தாம்பாளத்தின்மேல் வையுங்கள். முகத்தின் வழியே கசியும் எண்ணெய் தரையிலும் விரிப்பிலும் பரவலாகாது. ஐந்து முகமும் ஏற்றிய பிறகு, முன்சுடரைக் கடந்து கை நீட்டிப் பூச்சூட்டுவாரைக் கண்டிருக்கின்றேன். முதலில் பொட்டும் பூவும், பின்னரே சுடர். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பெண்மக்களின் தாவணியையும் முடிந்துவிடுங்கள். நைலான், பாலியெஸ்டர் ஆடைகள் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மரத்தாலான பூசை அலமாரியில் மேல்தட்டு சூடேறிக் கருகும். நாட்காட்டியும் காகிதத் தோரணமும் விளக்கருகே வேண்டா.

புதிய அகலை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். எண்ணெய் குடிப்பது குறையும். ஈரம் எஞ்சினால் சுடர் பொரிந்து தெறிக்கும். நெய்யோ நல்லெண்ணெயோ இலுப்பெண்ணெயோ அவரவர் வசதி. மண்ணெண்ணெய் ஒரு துளியும் கலக்கலாகாது. மின்சாரம் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தியையும் மேசைமேல் உருக்கி ஒட்டாமல், தட்டில் நிறுத்துங்கள்.

திருவாரூரில் நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்தார். அஃது அவர்தம் அன்பின் திறம். எரியும் எண்ணெயில் நாம் நீரைக் கொட்டினால், நீர் அடியிற் சென்று கொதித்து, எண்ணெயைத் தீயோடு வாரி இறைக்கும். ஓர் உலோகத் தட்டால் மூடிவிடுங்கள்; காற்றின்றித் தீ அடங்கும். ஆடையில் தீப்பற்றினால் ஓடுதல் கூடாது. தரையிற் படுத்து உருள வேண்டும். அருகிலிருப்போர் கம்பளியால் போர்த்தி அணைக்கலாம். சுட்ட இடத்தில் மையோ வெண்ணெயோ தடவாமல், 20 நிமிடம் ஓடும் குளிர்நீரில் காட்டுங்கள். புண் பெரிதாயின் தாமதியாது 108ஐ அழையுங்கள்.

விளக்கை ‘அணை’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில்லை. ‘குளிரவை’, ‘மலையேற்று’ என்பார்கள். வாயால் ஊதுவதையும் விலக்கினார்கள். ஊதினால் பொறியும் எண்ணெய்த் துளியும் தெறிக்கும் என்பதும் அதற்கொரு காரணமாகலாம். தூண்டுகோலால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுங்கள். நுனியில் செம்பொறி எஞ்சவில்லை என்று குனிந்து பார்த்த பின்னரே அவ்விடம் விட்டு எழுங்கள்.