கடிகாரம் கையில் இருக்கிறது. கவனிக்க யார் இருக்கிறார்?

(இளைஞர்கள், வணிகர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சபுராளிகள் ஊர் திரும்பும்போது முன்பெல்லாம் தைலமும் கம்பளியும் கொண்டு வருவார்கள். இப்போது உம்மாவின் கையில் கட்ட ஒரு கடிகாரம் வருகிறது. அது நேரம் மட்டுமா காட்டுகிறது? பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி நாடியை எண்ணுகிறது. ‘இனி துபையில் இருந்துகொண்டே உம்மாவைப் பார்த்துக்கொள்வேன்’ என்கிறார் மகன். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கடிகாரத்தை யார் கையில் கட்டிச் சோதித்தார்கள் என்று என்றைக்காவது கேட்டீர்களா?

2017-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. செலவு ஆப்பிள் நிறுவனத்துடையது. (சரக்கை விற்பவரே எடை பார்ப்பவருக்கும் கூலி கொடுத்தார், வியாபாரிகள் இதை மனதில் வையுங்கள்!) சேர்ந்தவர்கள் 4,19,297 பேர். சேர்வதும் சம்மதம் தருவதும் கைப்பேசியிலேயே. தேடியது, இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோயை. அப்படித் துடித்தால் இரத்தம் தேங்கி உறையும். அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

நாடி ஒழுங்கில்லை என்று கடிகாரம் எச்சரித்தது 2,161 பேரை. அடுத்து மருத்துவருடன் காணொளியில் பேச வேண்டும்; பிறகு மார்பில் ஒட்டும் பதிவுப் பட்டை அஞ்சலில் வரும். அதை அணிந்து, ஆராயத்தக்கதாகத் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 450 பேர்! அவர்களில் 34 சதவீதத்தினரிடம் நோய் தெரிந்தது. வந்து வந்து போகும் நோய் அது. ஆகவே மீதிப் பேருக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்னொன்றையும் கேளுங்கள். இது முதியவர்களை அதிகம் பிடிக்கும் நோய். ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான்!

முதியவர்களையே தேடிச் சென்ற ஆய்வும் உண்டு. டென்மார்க்கில் 70 முதல் 90 வயது வரையுள்ள 6,004 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் 1,501 பேரின் மார்புத் தோலுக்கடியில் சிறு பதிவுக் கருவியை வைத்து, தொலைவிலிருந்தே கண்காணித்தார்கள். ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்தது. முடிவு 2021-இல் வெளிவந்தது. கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதத்தினரிடம் நோய் பிடிபட்டது, மற்றவர்களிடம் 12.2 சதவீதம். ஆகா, வெற்றி என்கிறீர்களா? பொறுங்கள். பக்கவாதமோ உறைகட்டி அடைப்போ வந்தவர்கள் 4.5 சதவீதம், கருவி இல்லாதவர்களில் 5.6 சதவீதம். இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே கணக்கு. சரக்கு கடையில் இறங்கியதுமே லாபம் என்று பேரேட்டில் எழுதுவீர்களா? விற்ற காசு கல்லாவில் விழ வேண்டாமா?

ஆகவே, கடிகாரம் அனுப்பும் இளைஞரே, இரவு இரண்டு மணிக்கு அது கத்தினால் உம்மாவின் வீட்டுக்கு யார் ஓடுவார்? பெயர் சொல்லுங்கள். ‘மச்சான் இருக்கிறார்’ என்றால், மச்சானிடம் சொல்லியாகிவிட்டதா? எந்த டாக்டரிடம் காட்டுவது என்று பேசியாகிவிட்டதா? கருவியின் விலையைவிட இந்த ஏற்பாடு பெரியது.

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. உம்மாவின் கைப்பேசியில் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்துவது பேரப்பிள்ளை! உடம்பு உம்மாவுடையது, எப்போது தூங்கினார், எங்கே நடந்தார் என்ற விவரமும் அவருடைய அமானிதம். அவரைக் கேட்காமல் அதை எடுத்துக் கொடுக்க நமக்கு என்ன உரிமை? நம் நாட்டில் மருந்துகளை மனிதரிடம் சோதிப்பதற்கு 2019-இல் வந்த விதிகள், ஆய்வின் நோக்கத்தையும் ஆபத்தையும் புரியும்படி விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும் என்கின்றன. சம்மதப் படிவத்தின் நகலையும் தர வேண்டும். அப்படி ஓர் ஆய்வுக்கு உங்கள் வாப்பாவையோ உம்மாவையோ அழைத்தால், அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் உட்கார வைத்துத் தமிழில் படித்துக் காட்டுங்கள். ‘வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால், விட்டுவிடுங்கள்.